ஸ்ட்ராஃபோர்டு விடைபெறும் காட்சி: ஓர் அச்சோவியத்தைக் கழுவிய பதினோரு வாரங்கள்

சென்ற ஞாயிறு மாலை கடைசித் திருகாணியை இறுக்கிச் சட்டத்தைச் சுவரில் மாட்டியபோது, வேலையைத் தொடங்கிப் பதினோரு வாரங்கள் ஆகியிருந்தன. மூன்று வார இறுதிகளில் முடிந்துவிடும் என்றுதான் முதலில் கணக்கிட்டிருந்தேன். மீதி எட்டு வாரங்களும், தாளின் பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு பிழையைச் சரிசெய்வதிலேயே போயின. அச்சோவியம் பிழைத்துவிட்டது, ஆனால் ஓரிடத்தில், அதுவும் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்கும் இடத்தில், என் அவசரத்தின் அடையாளம் மயிரிழை அளவுக்கு நிலைத்துவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதை, வேலை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

லண்டனின் புறநகர்ப் பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துப் பழைய சாமான்கள் விற்கும் திடல் ஒன்றில் இது எனக்குக் கிடைத்தது. விலை 18 பவுண்டு. விற்றவர் அதை ஓக் மரச் சட்டத்துக்கான விலையாகத்தான் சொன்னார். உள்ளே இருந்த படம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் தாள் முழுவதும் புகையேறிப் பழுத்துப் போயிருந்தது. எங்கும் துருநிறப் புள்ளிகள். கீழே ஓவியர் பால் தெலரோஷ், செதுக்கியவர் ஆன்ரிக்கெல்-துய்ப்போன் என்று பிரெஞ்சில் பொறித்திருந்த இரண்டு பெயர்களை மட்டும் படிக்க முடிந்தது. அந்த இரண்டு பெயர்களும், கம்பியிட்ட சாளரத்திலிருந்து நீளும் இரண்டு கைகளுமே போதுமானவையாக இருந்தன. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

காட்சி 1641 மே 12 அன்று லண்டன் கோட்டையில் நிகழ்ந்தது. தாமஸ் வென்ட்வொர்த் என்னும் ஸ்ட்ராஃபோர்டு பிரபு, மன்னர் முதலாம் சார்லஸின் ஆட்சியைத் தாங்கி நின்ற அமைச்சர்; அயர்லாந்தை மன்னர் சார்பில் இரும்புக் கையால் ஆண்டவர். நாடாளுமன்றம் அவர்மீது தொடுத்த வழக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மார்ச் 22 அன்று தொடங்கி வாரக்கணக்கில் நடந்தும், தேசத்துரோகக் குற்றம் சட்டப்படி நிற்காது என்ற நிலை வந்தது. உடனே எதிரணியினர் விசாரணையைக் கைவிட்டு, அவரைக் குற்றவாளி என்று அறிவிக்கும் தனிச் சட்டத்தையே கொண்டுவந்தார்கள். மக்களவையில் 204 பேர் ஆதரித்தார்கள், 59 பேர் எதிர்த்தார்கள். உங்கள் உயிருக்கும் மானத்துக்கும் உடைமைக்கும் கேடு வராது என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த மன்னரே மே 10 அன்று ஒப்புதல் அளித்தார். அதே கோட்டையில் கேன்டர்பரி பேராயர் வில்லியம் லாடும் சிறைப்பட்டிருந்தார். நண்பர்கள் இருவரும் சந்திக்க வழியில்லாததால், கொலைக்களத்துக்கு நடக்கும்போது சாளரத்தில் நின்று ஆசி வழங்குமாறு முதல்நாள் இரவு பேராயர் அஷ்ஷர் வழியாக ஸ்ட்ராஃபோர்டு சொல்லி அனுப்பினார். மறுநாள் லாட் சாளரத்துக்கு வந்து கைகளை உயர்த்தினார். பின்பு மயங்கி விழுந்தார். 1645 ஜனவரி 10 அன்று லாடின் தலையும், கோட்டைக்கு வெளியே ஸ்ட்ராஃபோர்டின் தலை வீழ்ந்த அதே டவர் ஹில் மேட்டில் வீழ்ந்தது.

தெலரோஷ் இதை வரைந்து 1837ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் காட்சியில் வைத்தார். மண்டியிட்டுக் குனிந்திருக்கும் ஸ்ட்ராஃபோர்டை முழுமையாகக் காட்டிய ஓவியர், லாடின் முகத்தைக் காட்டவேயில்லை. சாளரத்துக்கு வெளியே கைகள் மட்டும். ஆன்ரிக்கெல்-துய்ப்போன் அதை உலோகத் தகட்டில் செதுக்கி 1840இல் முடித்தார். கறுப்பு உடையின் பளபளப்பைக் கோடுகளின் நெருக்கத்தால் மட்டுமே அவர் கொண்டுவந்திருப்பதை உருப்பெருக்கியில் பார்த்தால், செதுக்குளி பிடித்த கையின் பொறுமையை நினைத்து நமக்கே மூச்சு முட்டும். இனி வேலைக்கு வருகிறேன்.

சட்டத்தின் பின்பக்கம் பழுப்புத் தாளால் ஒட்டி மூடப்பட்டிருந்தது. அதை நீக்கியதும் மூன்று பைன் மரப் பலகைகள், பதினாறு துருப்பிடித்த ஆணிகள். ஆணிகளைக் குறடால் இழுக்காமல், சட்டத்தின் ஓரத்துக்கு இணையாக ஒவ்வொன்றையும் நெம்பிச் சாய்த்து எடுத்தேன். இழுத்தால் அதிர்வில் கண்ணாடி உடையும். பலகையும் பலகையும் சேரும் இடைவெளிகளுக்கு நேராகத் தாளில் இரண்டு பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. மரத்தின் அமிலம் பல பத்தாண்டுகள் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். பலகையில் இருந்த ஒரு மரக்கணு, தாளில் முட்டை வடிவக் கறையாகவே பதிந்திருந்தது. முன்பக்கம் படத்தைச் சுற்றி ஓரம்போல இருந்த மலிவான அட்டைச் சாளரம் தன் உள்விளிம்பை ஒட்டி நாற்புறமும் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குப் பழுப்பு வரி போட்டிருந்தது.

தாள் 62 சென்டிமீட்டர் உயரம், 74 சென்டிமீட்டர் அகலம். கீழ் ஓரத்தில் தொடங்கிப் படத்துக்குள் புகுந்த 11 சென்டிமீட்டர் கிழிசல் ஒன்றும், ஓரங்களில் சிறிய கிழிசல்கள் இரண்டும், ஒரு மூலையில் இரண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் துண்டே இல்லாமலும் இருந்தது. பெரிய கிழிசலைப் பின்னாலிருந்து யாரோ பசைநாடா கொண்டு ஒட்டியிருந்தார்கள். நல்ல வேளையாக அது நனைத்து ஒட்டும் பழைய காகித நாடா. ஒளிபுகும் பிளாஸ்டிக் நாடாவாக இருந்திருந்தால் அதன் பசை தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாகியிருக்கும். நாடாவின் மேல், ஈரத்தை மெல்ல விடும் மெத்தில் செல்லுலோஸ் கூழைத் தடவி இருபது நிமிடம் காத்திருந்தபின் அது தானாகவே உரிந்து வந்தது.

அடுத்தது உலர் சுத்தம். ஆட்டுமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தூசியைத் தள்ளிவிட்டு, புகைக்கறை எடுக்கும் ரப்பர் பஞ்சால் ஓரங்களையும் பின்பக்கத்தையும் ஒற்றி எடுத்தேன். தேய்க்கக் கூடாது, ஒரே திசையில் மெல்ல ஒற்ற வேண்டும். பஞ்சு கறுத்ததும் அந்த முகத்தைக் கத்தியால் சீவிவிட்டுப் புதிய முகத்தைப் பயன்படுத்த வேண்டும். அச்சின் மேல் பஞ்சை வைக்கவே இல்லை. தகட்டில் செதுக்கி எடுக்கும் இந்த வகை அச்சில் மை தாளின் பரப்புக்கு மேல் மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். விரல் நுனியில் அது தெரியும். உரசினால் அந்த வரம்பின் முனை மழுங்கி, கறுப்பு சாம்பலாகிவிடும். மூன்று மணி நேரத்தில் தாள் ஒரு படி வெளுத்தது. இந்த நிலையிலேயே நிறுத்தியிருந்தாலும் நஷ்டமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நிறுத்தவில்லை. ஈரச் சுத்தத்துக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளை ஒழுங்காகவே செய்தேன். கறுப்புப் பகுதியிலும் எழுத்துகளிலும் துளி நீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்து ஒற்றுத்தாளால் எடுத்துப் பார்த்ததில் மை கரையவில்லை. ஓரத்தில் ஒரு துளி நீர் வைத்துச் சோதனைத் தாளால் அளந்ததில் அமிலக் காரக் குறியீடு (pH; 7 என்றால் நடுநிலை) 4.5 என்று காட்டியது. இவ்வளவு அமிலம் இருந்தால் தாள் ஆண்டுக்காண்டு நொறுங்கிக்கொண்டே போகும். ஆகவே கழுவுவது நியாயம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை, கழுவிய முறையைப் பற்றித்தான்.

இடையில் ஒரு சிறிய சறுக்கல். முழுத்தாளையும் நனைக்குமுன் ஒரே ஒரு துருப்புள்ளியை மட்டும் எடுத்துப் பார்க்கலாமே என்று, ஈரப் பஞ்சுக் குச்சியால் மேல் ஓரத்தில் ஒற்றினேன். புள்ளி மங்கியது. ஆனால் ஈரம் பரவி நின்ற எல்லையில் தாளின் அழுக்கெல்லாம் திரண்டு, கடற்கரையில் அலை விட்டுச் செல்லும் கோடுபோலப் பழுப்பு வளையம் ஒன்று விழுந்தது. பழுத்த தாளில் ஓரிடத்தை மட்டும் நனைத்தால் இது நடந்தே தீரும். இனி முழுத்தாளையும் நனைத்தால்தான் அந்த வளையம் போகும் என்ற நிலைக்கு என்னை நானே தள்ளிக்கொண்டேன். வீட்டில் துணி வெளுக்கும் திரவத்தைக் கலந்து ஊற்றினால் புள்ளிகள் பத்தே நிமிடத்தில் மறையும் என்று ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. மறையும்தான், கூடவே தாளின் இழைகளும் அரித்துப்போகும். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

எங்கள் குளியல் தொட்டியின் அடிப்பரப்பு 55 சென்டிமீட்டர்தான் அகலம் என்பதால் தாள் விரிந்து படுக்காது. தோட்டக் கடையில் செடித்தொட்டிகள் வைப்பதற்கான தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை, உட்புறம் 70க்கு 85 அளவில், 14 பவுண்டுக்கு வாங்கினேன். அதில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க 18 லிட்டர் ஆகும். குழாய் நீரில் இரும்பும் குளோரினும் இருக்கக்கூடும் என்பதால் அயனி நீக்கிய நீரை 25 லிட்டர் கேன்களாக மூன்று வாங்கினேன். ஆய்வகத் தரச் சுண்ணாம்பைக் கரைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேலே நின்ற தெளிநீரை மட்டும் துளித்துளியாகத் தட்டில் சேர்த்து, குறியீடு 8ஐத் தொட்டதும் நிறுத்தினேன். வெற்றிலைக்குத் தடவும் அதே பொருள்தான். தாளுக்குள் புகுந்து அமிலத்தைச் சமன்செய்து, உலர்ந்தபின் கொஞ்சம் காப்பாகவும் தங்கும்.

தாளைப் பாலியெஸ்டர் படலத்தின்மேல் கிடத்தி, ஐசோபுரோப்பனால் என்னும் ஆல்கஹாலும் நீரும் சரிபாதி கலந்த கரைசலை முதலில் பனிபோலத் தெளித்தேன். அப்போதுதான் நீர் எல்லா இடத்திலும் ஒரே சீராக இறங்கும். பிறகு படலத்தோடு சேர்த்து நீருக்குள் மெல்லச் சரித்தேன். பத்தாவது நிமிடத்திலேயே நீர் மஞ்சளித்தது. நாற்பதாவது நிமிடத்தில் பால் விடாத தேநீர்போல ஆகிவிட்டது. அந்த நிறத்தைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி ஆபத்தானது. இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும் என்று கை பரபரக்கும். நீரை வெளியேற்றி இரண்டாவது முறை நிரப்பினேன்.

இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோது, சாளரம் இருக்கும் மேற்பகுதியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குமிழி எழுந்திருந்தது. அடியில் காற்று சிக்கியிருக்கிறது என்று எண்ணி விரல் நுனியால் மெல்ல அழுத்தி ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தேன். குமிழி நகர்ந்தது, அதோடு லாடின் கைகளும் நகர்ந்தன. தாளின்மேல் தாள் வழுக்குவதை விரல் உணர்ந்த அந்தக் கணத்தில்தான் செய்த பிழை என்னவென்று புரிந்தது.

இது ஒற்றைத் தாளில் அச்சான படம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயர்ந்த பிரதிகளை அச்சிடும்போது, சிலந்தி வலைபோல மெல்லிய சீனத் தாளைத் தகட்டின்மேல் வைத்து, அதன் பின்பக்கம் மெல்லிய பசை தடவி, அதற்கு மேல் கனமான ஈரத்தாளை வைத்து, மூன்றையும் ஒன்றாக அச்சு எந்திரத்தில் விடுவார்கள். மெல்லிய தாள் நுண்ணிய கோடுகளைத் தடித்த தாளைவிடத் துல்லியமாக வாங்கிக்கொள்ளும். அதே அழுத்தத்தில் அடித்தாளோடு ஒட்டியும்விடும். ஆங்கிலேயர் அதை இந்தியத் தாள் என்றே அழைத்தார்கள். கப்பல் வந்த வழியின் பெயர் தாளுக்கு ஒட்டிக்கொண்டதே தவிர, நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை ஒட்டியிருக்கும் பசை நீரில் இளகும். இரண்டு தாள்களும் நனையும்போது வெவ்வேறு அளவில் விரியும். ஆக, இப்படிப்பட்ட அச்சை நீரில் அமிழ்த்தி ஒரு மணி நேரம் ஊறவைப்பது என்பது, இரண்டையும் பிரிப்பதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வதுதான்.

அடையாளம் கண்ணெதிரேதான் இருந்தது. படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் ஒரு செவ்வகம். அதற்குச் சற்று உள்ளே, தாளின் நிறம் இலேசாக மாறும் இன்னொரு செவ்வகம். இரண்டாவதை நான் அட்டைச் சாளரம் போட்ட கறை என்று எண்ணிவிட்டேன். அட்டைக் கறை மூன்று மில்லிமீட்டர் அகல வரியாக வேறிடத்தில் இருக்கிறது என்பதை அளந்து குறிப்பேட்டில் எழுதிய நானேதான் இப்படி எண்ணினேன். மண்டியிட்டவரையும் நீளும் கைகளையும் மணிக்கணக்கில் உருப்பெருக்கியால் பார்த்தவன், அவர்கள் பதிந்திருந்த தாளைப் பார்க்கவில்லை.

படலத்தோடு தூக்கி, சாய்த்து நீரை வடித்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்தேன். குமிழியின் அளவு 9க்கு 6 சென்டிமீட்டர். இங்கேதான் இரண்டாவது பெரிய பிழை. ஈரத்திலேயே அழுத்தினால் பழைய பசையே மீண்டும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி, கண்ணாடிப் பலகையை வைத்து அதன்மேல் புத்தகங்களை அடுக்கினேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது, விரிந்திருந்த மெல்லிய தாள் போக இடமில்லாமல் தன்மேலேயே மடிந்து, மூன்று கூரிய மடிப்புகளாகக் கைகளின் குறுக்கே உலர்ந்திருந்தது. மடிப்பை எலும்புக் கத்தியால் நீவிவிடலாமா என்று குனிந்திருந்த என்னைப் பார்த்து, "அதை இழுக்காதீங்க, கிழிஞ்சிடும். மறுபடி ஈரமாக்கிட்டு அப்புறம் யோசிங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதுதான் சரியான அடுத்த படி.

ஆனால் இம்முறை நீரில் போடவில்லை. நீராவியை மட்டும் விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் கோர்டெக்ஸ் துணியில் அரை மீட்டர் 22 பவுண்டுக்கு வாங்கினேன். தட்டின் அடியில் ஈரக் கம்பளி, அதன்மேல் கோர்டெக்ஸ், அதன்மேல் அச்சு, எல்லாவற்றையும் மூடிப் பிளாஸ்டிக் விரிப்பு. மூன்று மணி நேரத்தில் இரண்டு தாள்களும் ஈரத்துணிபோலத் துவண்டன. மடிப்புகளில் இரண்டு தாமாகவே இளகின. அசல் தாளில் கைவைப்பதற்கு முன், மெல்லிய ஜப்பானியத் தாளைக் கனமான வரைதாளில் ஒட்டி, வேண்டுமென்றே குமிழி எழுப்பி, நான்கு முறை ஒத்திகை பார்த்தேன். முதல் மூன்றும் சுருங்கின. அடித்தாள் மேல்தாளைவிட அதிக ஈரமாக இருந்ததுதான் காரணம். இரண்டும் ஒரே அளவு ஈரத்தில் இருந்து, ஒன்றாக உலர்ந்தால் மட்டுமே பரப்பு தட்டையாக அமைகிறது.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பசை என்றதும் என் நினைவுக்கு வந்தது, சிறுவயதில் வீட்டில் மைதாவைக் கரைத்துக் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சும் பசைதான். பட்டம் செய்யவும் புத்தகம் கட்டவும் அது போதும், இங்கே ஆகாது. துத்தத்தில் உள்ள செம்பு காலப்போக்கில் தாளை அரிக்கும். மைதாவின் பசையம் (குளூட்டன்) உலர்ந்தபின் கெட்டிப்பட்டு விறைக்கும். பசையம் நீக்கிய கோதுமை மாச்சத்தை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு அயனி நீக்கிய நீரில் ஓர் இரவு ஊறவைத்து, சிறு தீயில் 35 நிமிடம் கைவிடாமல் துழாவினேன். முதலில் பால்போல இருந்தது கண்ணாடிபோலத் தெளிந்து, கரண்டியிலிருந்து தாம்பாக விழும்போது இறக்கிவிட்டேன். ஆறியபின் நுண்சல்லடையில் மூன்று முறை தேய்த்து வடிகட்டி, நீர்மோர் பதத்துக்கு இளக்கிக்கொண்டேன். சல்லடையில் தேய்ப்பதுதான் கைவலிக்கும் வேலை. அதைக் குறைத்தால் பசையில் திப்பி நின்று, மெல்லிய தாளின் மேல் மணல்போலத் துருத்தும்.

குமிழியின் மேல்விளிம்பிலிருந்து சீனத் தாளின் ஓரம் ஐந்து சென்டிமீட்டர்தான்; அந்த இடத்திலும் பிடிப்புத் தளர்ந்திருந்தது. ஆகவே குமிழியைக் கீறாமல், ஓரத்திலிருந்தே உள்ளே போக வழி கிடைத்தது. இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிய பாலியெஸ்டர் படலத்தின்மேல் பசையைத் தடவி, தபால் உறைக்குள் கடிதத்தைச் செலுத்துவதுபோல உள்ளே நுழைத்து, அடித்தாளின்மேல் பசை படும்படி ஒற்றி வெளியே எடுத்தேன். மூன்று இடங்களில் மூன்று முறை. பிறகு மேலே நெய்யாத பாலியெஸ்டர் துணியை வைத்து, குமிழியின் அடிப்பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி மென்தூரிகையால் வருடி, சிக்கியிருந்த காற்றையும் மிஞ்சிய பசையையும் வெளியேற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த அந்த வேலைக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

உலர்த்தும்போது அவசரப்படவில்லை. ஒற்றுத்தாள், கம்பளிப் பட்டை, ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி, அதன்மேல் முப்பது கிலோ புத்தகங்கள். முதல் ஒற்றுத்தாள்களைக் கால் மணி நேரத்தில் மாற்றினேன், அடுத்தவற்றை ஒரு மணி நேரத்தில், பிறகு காலையும் மாலையும், ஒரு வாரத்துக்குப் பின் இரண்டு நாளைக்கு ஒருமுறை. மூன்று வாரம் அப்படியே கிடந்தது. அந்த இடைவெளியில் ஒருநாள் டவர் ஹில் வரை போய் வந்தேன். டிரினிட்டி சதுக்கத் தோட்டத்தில் கொலைமேடை நின்ற இடத்தைச் சிறிய நடைபாதை முற்றம்போல அடையாளப்படுத்தி, அங்கே தலை இழந்தவர்கள் சிலரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அங்கிருந்து கோட்டை மதில் நன்றாகத் தெரிகிறது. ஒருவர் நடந்து கடக்க வேண்டிய தூரம் எவ்வளவு குறைவு என்பது படத்தில் தெரியாது.

மூன்றாம் வார முடிவில் எடுத்துப் பார்த்தேன். குமிழி இல்லை. மடிப்புகளில் இரண்டு சுவடின்றி மறைந்தன. மூன்றாவது 14 மில்லிமீட்டர் நீளத்தில், ஒரு மணிக்கட்டின் குறுக்கே, நகக்கீறல்போல நின்றுவிட்டது. இரண்டாவது முறை ஈரமேற்றிப் பார்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். துருப்புள்ளிகளில் பாதி மறைந்திருந்தன, மீதி மங்கியிருந்தன. பலகை போட்ட கோடுகள் உற்றுப் பார்த்தால்தான் தெரிகின்றன. பஞ்சுக் குச்சியால் நான் உண்டாக்கிய பழுப்பு வளையம் முற்றிலும் போயிருந்தது. ஓரத்தில் மீண்டும் அளந்ததில் குறியீடு 7.5.

கிழிசல்கள் இதற்குப் பிறகு விளையாட்டுபோலத்தான் இருந்தன. ஜப்பானியத் தாளைக் கத்தரியால் வெட்டாமல், நனைந்த தூரிகையால் கோடு போட்டுக் கையால் கிழித்தால், விளிம்பில் இழைகள் மயிர்போல நீட்டி நிற்கும். அவை மூலத் தாளோடு கலந்துவிடுவதால் ஒட்டு மேடாகத் தெரியாது. கெட்டியான பசையைக் கிழிசலின் உதடுகளில் மட்டும் தொட்டு, பின்னால் ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை போட்டேன். காணாமற்போன மூலைக்கு, தடிமன் ஒத்துவரும்வரை மூன்று அடுக்கு ஒட்டி, நீர்வண்ணத்தால் பழுப்பு ஏற்றினேன். வண்ணம் நான் சேர்த்த துண்டில் மட்டும். மூலத் தாளில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

சட்டத்தைப் பழையபடியே வைத்துக்கொண்டேன். ஓக் மரமும் அமிலம் கக்கும் என்பதால் உள்பள்ளத்தை அலுமினிய நாடாவால் மூடினேன். பைன் பலகைகளுக்குப் பதிலாகப் பாலிபுரோப்பிலின் அட்டை. அச்சைப் பருத்தி இழை அட்டையில், மேல் ஓரத்தில் இரண்டே இரண்டு ஜப்பானியத் தாள் கீல்களால் தொங்கவிட்டிருக்கிறேன். ஈரப்பதம் மாறும்போது தாள் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பலகை, 46 பவுண்டு. மொத்தக் கணக்கில் இதுதான் பெரிய செலவு. அடுத்தது நீருக்கான 42, ஒற்றுத்தாளும் கம்பளியும் 38. எல்லாம் சேர்த்து, அச்சோவியத்தின் விலையான 18 உட்பட, 303 பவுண்டு ஆனது. விற்றால் இந்தப் பணம் திரும்பாது. வாங்கிய மூன்று கேன் நீரில் ஒன்று இன்னும் திறக்கப்படாமல் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

அடுத்த முறை எந்தப் பழைய அச்சைத் தொட்டாலும், முதலில் அறையை இருட்டாக்கி, கைவிளக்கை மேசைப் பரப்போடு ஒட்டிப் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் பார்ப்பேன். மெல்லிய தாள் ஒட்டியிருந்தால் அதன் ஓரம் நூலிழை நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது இந்த அச்சிலேயே அதைப் பத்தடி தொலைவிலிருந்து என்னால் காண முடிகிறது. அப்படி ஒட்டியிருந்தால் நீரில் அமிழ்த்தாமல், ஈரமான கனத்த ஒற்றுத்தாளின்மேல் படுக்கவைத்து, அழுக்கைக் கீழ்நோக்கி உறிஞ்ச விட்டு, அரை மணிக்கொருமுறை ஒற்றுத்தாளை மாற்றுவேன். நேரம் இரட்டிப்பாகும், நீர் 36 லிட்டருக்குப் பதில் ஐந்தே லிட்டர் போதும். பஞ்சுக் குச்சியை எடுக்கவே மாட்டேன்.

படம் வடக்குச் சுவரில், நேர் வெயில் படாத இடத்தில் தொங்குகிறது. மணிக்கட்டின் குறுக்கேயுள்ள கோடு பகலில் தெரிவதில்லை. இரவில் பக்கவாட்டு விளக்கைப் போட்டால் தெரிகிறது. பின்பக்கத்தை மூடுவதற்கு முன், என்றைக்காவது இதைத் திறக்கப்போகும் அடுத்த ஆளுக்காக, அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் தேதியும், பயன்படுத்திய பசையும், பெரிய எழுத்தில் ஒரு வரியும் எழுதி வைத்தேன்: "சீனத் தாள் ஒட்டிய அச்சு. நீரில் அமிழ்த்த வேண்டாம்."